லில்லி வீட்டு லேஸ் விரிப்பு

2014 மே, சனிக்கிழமை. காலை எட்டேகாலுக்குப் பண்ருட்டியில் பஸ் மாறினேன். நெய்வேலி டவுன்ஷிப்பின் நுழைவாயிலான ஆர்ச் கேட் இன்னும் இருபது கிலோமீட்டர் சொச்சம். பழைய லேஸ், லினன் துணிகளுக்கு வயதும் விலையும் சொல்வது என் பிழைப்பு. பத்தாம் வகுப்பு வரை வளர்ந்த ஊருக்கு அந்தப் பிழைப்பே என்னைக் கூட்டிப்போனது.

ஒன்பது மணிக்கு ஆட்டோ. "எந்த பிளாக்குங்க?" என்றார் டிரைவர். எண்பது ரூபாய். அதே அகலச் சாலை, அதே வேப்பமரங்கள். பாழாய்ப்போன கண் கலங்கிவிட்டது.

குவார்ட்டர்ஸில், என்னை வரச்சொல்லியிருந்த லில்லி மேசை விரிப்பொன்றைப் பிரித்தார். "அடுத்த மாசம் எம்பொண்ணு கல்யாணம் மேடம். கேக் டேபிள்ல இதத்தான் விரிக்கணும். விரிச்சா வரமாட்டேன்னு எங்கண்ணன் சொல்லிக்கினு இருக்காரு."

பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து வந்திருந்த அண்ணன் முகம் கொடுக்கவில்லை. "எங்கம்மா வெள்ளக்கார இன்ஜினியர் வூட்டுல வேல செஞ்சாங்க. அம்மா செத்தப்புறம் அவங்க பொட்டியில இது கெடந்துது. வேற எப்பிடிங்க வந்திருக்கும்? திருட்டுப் பொருள வெச்சா கல்யாணம் பண்றது?"

லென்ஸில் பார்த்தேன். ஓரம் முழுக்கக் கொக்கி ஊசியால் கையாலேயே பின்னிய குரோஷே லேஸ். "மாதா கோயில் மணி டிசைன். வெளிநாட்டு வேலைன்னா இருபதாயிரம் போகும்" என்று வாயை விட்டேன். லில்லியின் முகம் செத்துப்போயிற்று.

அவசரமாக விரிப்பின் நடுத்துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். வெளிநாட்டு விரிப்பென்றால் லினனாக இருக்கும்; பழைய லினன் உடனே குடித்துவிடும். இதில் சொட்டு உருண்டு நின்றது. நம்மூர் மில் பருத்தி!

அண்ணன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். "மணிக்கு நாக்கு நேராத்தான தொங்கும்? இது வளைஞ்சிகினு இருக்குதே. ஏங்க, இது முந்திரிப்பழம்ங்க! கீழ கொட்ட தொங்குது பாருங்க. எங்கம்மா காடாம்புலியூரு, முந்திரித் தோப்புலயே வளந்தவங்க. எந்த வெள்ளக்காரி முந்திரிப்பழம் பின்னுவா?"

இந்த ஊரில் வளர்ந்த எனக்கு அது தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

அண்ணன் விரிப்பின் ஓரத்தைத் தடவினார். "அந்த இன்ஜினியர் சம்சாரம் பக்கத்துல எங்கம்மா உக்காந்து ஊசியும் நூலுமா இருந்தத நானே பாத்திருக்கேன். முப்பது வருசமா பெத்தவள திருடின்னுட்டனே, லில்லி."

லில்லி என்னிடம் திரும்பினார். "இப்ப என்ன வெல மேடம்?"

"ரெண்டாயிரம் வந்தாலே அதிகம்."

"ரெண்டாயிரமா? நல்லா கேட்டுக்கோண்ணே, ரெண்டாயிரந்தான்!" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

ஒன்றரை மணி பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. விலை குறைத்துச் சொன்னதும் முகம் திருப்பிக்கொள்ளும் வீடுகளைத்தான் இதுவரை பார்த்திருக்கிறேன். லில்லி வீட்டிலோ சாப்பிடாமல் விட மாட்டோம் என்றார்கள். அண்ணன்தான் பரிமாறினார்.