ஒன்பது அங்குல இடைவெளி

எண்பதுகளின் கடைசியில் தென்காசியில் வீட்டு பிளான் போடும் ஆபீஸ் ஒன்றில் வேலை பார்த்தேன். மாடியில் ஒரே அறை. முதலாளி வளைகுடாவில் பல வருஷம் டிராயிங் வேலை பார்த்துத் திரும்பியவர். வரும்போது ஒரு கம்ப்யூட்டரும் கொண்டுவந்திருந்தார். கறுப்புத் திரையில் பச்சைக் கோடு. அதன் முன்னால் உட்கார்ந்த முதல் வாரம் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

இலஞ்சி ரோட்டில் வீடு கட்ட ஒரு அம்மா வந்தார். கணவர் சவூதியில். நான் மையில் வரைந்த பிளானை முன்னால் விரித்தேன். வெகுநேரம் பார்த்தவர், "அவுக லெட்டர்ல, பிளானைப் பாத்துட்டு நீயே முடிவு பண்ணுன்னு எழுதியிருக்காக. எனக்குக் கோடுதான் தெரியுது. வீடு எங்கன இருக்கு?" என்றார்.

முதலாளிக்கு அது உறைத்துவிட்டது. "கம்ப்யூட்டர்ல சுவரை எழுப்பிக் காட்டிருவோம்மா. வெள்ளிக்கிழமை அஸ்திவாரத்துக்கு வாணம் தோண்டுதாங்க. அதுக்கு முந்தி வாங்க" என்று அனுப்பிவைத்தார்.

நாலு பக்கக் கோட்டையும் இணைத்து ஒரே வடிவமாக மூடினால்தான் அதற்கு உயரம் கொடுக்க முடியும். என் குறிப்பு நோட்டைப் பார்த்து ஒவ்வொரு அளவாகத் தட்டினேன். மூலை எல்லாம் நேர் மூலை. இணைக்கச் சொன்னால் இணையவில்லை. மறுபடி தட்டினேன். அப்போதும் இல்லை. முதலாளி வந்து மூலையைப் பெரிதாக்கிக் காட்டினார். கடைசிக் கோடு முதல் கோட்டைத் தொடாமலே நின்றது. நடுவில் ஒன்பது அங்குலம்.

"இழுத்து ஒட்டிரும்மா. யாருக்குத் தெரியப் போவுது?" என்றார் என்னிடம்.

எனக்குத் தெரியும். காகிதத்தில் அதைத்தான் செய்திருந்தேன். மனை அளந்த அன்று நல்ல சாரல். பின்மூலையில் முள்புதர். மூலைக்கு மூலை குறுக்களவு எடுக்காமல், அந்தப் பக்கத்தையும் ஒரு உத்தேசத்தில் எழுதிக்கொண்டு திரும்பிவிட்டேன். வரையும்போது கோடு சேரவில்லை. பேனாவைச் சற்றே சாய்த்து முடித்துவிட்டேன். இரண்டு வருஷ வேலையில் யாரும் என்னைக் குறை சொன்னதில்லை. அந்தப் பெருமையும் வாயைக் கட்டியது.

"அண்ணாச்சி, தப்பு என் அளவுல. புதருக்குள்ள நான் போவவே இல்ல" என்றேன்.

அவர் குடையை எடுத்தார். "டேப்பை எடு, போவோம்."

அன்றும் சாரல்தான். அவர் அரிவாளால் முள்ளை வெட்ட, நான் உள்ளே குனிந்து டேப்பைப் பிடித்தேன். பழைய எல்லைக்கல் மண்ணுக்குள் கிடந்தது. பின்மூலை உள்பக்கமாக ஒடுங்கியிருந்தது. என் பிளான்படி கட்டியிருந்தால் சுவர் பக்கத்து மனைக்குள் போயிருக்கும். கை முழுக்க முள் கீறல். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. வழியில் கடையில் நிறுத்தி டீ வாங்கிக் கொடுத்தார். அதற்கே எனக்கு அழுகை வந்தது.

புது அளவுக்குக் கோடுகள் மூடிக்கொண்டன. பின்மூலையில் இருந்த அடுக்களையை ஒடுக்கி வரைந்து, உயரம் கொடுத்தோம். திரை மெல்ல மெல்லச் சுவர்களைப் போட்டு முடிக்கக் கால் மணி நேரம் ஆனது.

வியாழக்கிழமை அந்த அம்மா வந்தார். முதலில் நான் அளவில் செய்த தப்பைச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நான் எங்கன நின்னு சோறு ஆக்குவேன்?"

விரலை வைத்துக் காட்டினேன்.

"அப்போ எனக்கு எதுக்க சுவருல்லா இருக்கு? அங்கன ஒரு சன்னல் வையுங்க. மலை தெரியட்டும். அவுக வர ரெண்டு வருசம் ஆவும். அதுவரைக்கும் நான்தானே நிக்கணும்."

முதலாளி என்னைப் பார்த்தார். திரையில் அந்த இடத்தில் நானே சன்னலைத் திறந்தேன். சுவர்கள் மறுபடி முதலிலிருந்து எழக் கால் மணி நேரம் ஆனது; மூன்று பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். அந்த அம்மா முகத்தை அப்படியே திரைக்குக் கிட்டே கொண்டுபோய்ச் சிரித்தார்.

அடுத்த வருஷம் முதலாளி மறுபடி வளைகுடாவுக்குப் போனார். ஆபீஸை மூடினோம். பிறகு எத்தனையோ கம்ப்யூட்டர்களில் வேலை செய்துவிட்டேன்; எல்லாம் நொடியில் சுவரை எழுப்பிவிடுகின்றன. ஆனாலும் கோடு கோடாக வீடு எழுவதைப் பார்த்துக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் பேசாமல் உட்கார்ந்திருந்த அந்தக் கால் மணி நேரம் பிறகு எனக்கு வாய்க்கவே இல்லை.