ஏழாவது சிலிண்டர்

ஆள்காட்டி விரலை நக்கி, விமானத்தின் மூக்குக்கு அடியில் இருந்த சந்துக்குள் நுழைத்து, எஞ்சினைத் தொட்ட வேகத்தில் வெளியே இழுத்தார் வெர்லின் ஸ்டக்கி. உள்ளே "ச்ஸ்ஸ்" என்றது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"நேத்து இன்னும் கொஞ்சம் நீளமா கேட்டுது. இன்னைக்குச் சூடு கூடியிருக்கு" என்றார்.

சூட்டை அளக்கும் கருவிகள் அவரிடம் இரண்டு இருக்கின்றன. இரண்டையும் அவர் பெட்டியை விட்டு எடுப்பதில்லை. "கருவி நம்பர் சொல்லும். எச்சில்தான் சங்கதி சொல்லும்" என்பார். கொப்புளம் வந்து வந்து அந்த விரல்நுனி காய்த்துப் போயிருக்கிறது. இடது கையில் இன்னொரு ஆள்காட்டி விரல் புத்தம் புதிதாக இருப்பதை அவர் கவலையில்லாமல் காட்டுவார்.

அறுபத்திரண்டு வயது. அமெரிக்காவில் அயோவாவின் அந்த வட்டாரத்தில், நிலவறையில் இருந்து வீட்டைச் சூடாக்கும் அடுப்புகளையும் குளிர்சாதனங்களையும் பழுதுபார்ப்பது தொழில். முப்பத்தொரு வருடமாக வீட்டுக்காரர்களை அவர் திட்டிவரும் விஷயம் ஒன்றே ஒன்று. காற்று வரும் துவாரத்துக்கு முன்னால் சோஃபாவைப் போட்டுவிட்டு, அறை சூடேறவில்லை என்று அவரைக் கூப்பிடுவார்கள். "மெஷின் நல்லாத்தாம்மா இருக்கு. அழகுக்காக மூச்சை அடைச்சா அது என்ன பண்ணும்? சோஃபாவை நகத்துங்க" என்று சொல்லிவிட்டு, வந்துபோன கூலியை வாங்கிக்கொண்டு கிளம்புவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் விமானி. ஊர்க் குப்பையைக் கொட்டி மூடிப் புல் வளர்த்த மேட்டில்தான் அவர்களுடைய கிளப் ரேடியோவால் இயங்கும் குட்டி விமானங்களைப் பறக்கவிடுகிறது. தெற்கத்திக் காற்று அடித்தால் பழைய வாசனை கிளம்பும்; அன்றைக்கு யாரும் சாண்ட்விச்சைப் பிரிப்பதில்லை.

இந்த வருடம் வெர்லின் கொண்டுவந்திருப்பது இரட்டை இறக்கை விமானம், அந்தக் காலத்துத் தபால் விமானத்தின் குட்டி வடிவம். அதன் அதிசயம் மூக்கில் இருக்கிறது. வட்டமான வாய்க்குள் பூவிதழ்போல ஏழு சிலிண்டர்கள். அத்தனையும் பொம்மை. நிஜ எஞ்சின் முஷ்டி அளவுதான். பொம்மைக்குப் பின்னால் தலைகீழாகத் தொங்கி ஒளிந்திருக்கிறது. பொம்மையைச் செய்ய அவருக்கு ஏழு மாதம் ஆயிற்று. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒட்டுப்பலகையில் இருபத்திரண்டு வளையங்கள். தண்டுகளுக்கு மனைவி ஆர்டித்தின் பின்னல் ஊசிகள் பலியாயின. கடைசியாக, மூன்றே மயிர் கொண்ட தூரிகையைப் பழுப்புச் சாயத்தில் தோய்த்து, ஒவ்வொன்றிலும் எண்ணெய் கசிந்ததுபோலக் கறை வரைந்தார். கறைக்கு மட்டும் இரண்டு வாரம்.

அடுத்த ஞாயிறு போட்டி. பத்து நிமிடம் பறந்துவிட்டு இறங்க வேண்டும். அதற்கு முன்னால் எஞ்சின் நின்றுவிட்டால் அழகுக்கான மதிப்பெண் செல்லாது. வெர்லினின் எஞ்சின் ஆறாவது நிமிடம் சூடேறி முனகும், ஏழாவதில் நின்றுவிடும். ஒன்பது வருடமாக அவருக்குக் கிடைத்ததெல்லாம் கலந்துகொண்டதற்கான ரிப்பன்தான். ஆர்டித் அவற்றால் தக்காளிச் செடிகளைக் கட்டிவைத்திருக்கிறாள்.

அந்த வாரம் தினமும் வேலை முடிந்து மேட்டுக்கு வந்தார். எரிபொருள் அதிகம் போகும்படி ஊசித்திருகைத் தளர்த்தினார். விமானம் வெள்ளைப் புகை கக்கியபடி போயிற்று.

"யோவ் வெர்லின், கொசு மருந்தா அடிக்கிறே?" என்றான் ஓர்லோ. மடக்கு நாற்காலியை விட்டு எழுந்திருக்காத நண்பன். "எங்க தெருவுக்கும் ஒரு ரவுண்டு விடேன்."

ஏழாவது நிமிடம் நின்றது. எரிபொருளில் விளக்கெண்ணெயைக் கூட்டினார். மேடு முழுக்கப் பலகாரக் கடை வாசனை. எஞ்சின் ஏழில் நின்றது. விசிறியை மாற்றினார். ஏழு.

"கொஞ்சம்... காத்து... போக வர..." என்று ஓர்லோ ஒருமுறை ஆரம்பித்தான்.

"காத்துக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. இன்னைக்கு நல்ல காத்து."

அவனுக்குத் தெரியும். கிளப்பில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த ஊரில் ஒருவர் சமைத்துக் கொண்டுவந்த கேசரோலையும் ஏழு மாத உழைப்பையும் முகத்துக்கு நேரே குறை சொல்லும் வழக்கம் கிடையாது. ஆறு பேர் தங்கள் பூட்ஸையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் விமானத்தை மல்லாத்திப் போட்டுக்கொண்டு, விரலை நக்கி நக்கி, ஆறிக் கிடந்த எஞ்சினையே தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆர்டித் உருளைக்கிழங்கு சாலட் கிண்ணத்தை வைக்க இடம் தேடினாள். விமானத்தின் மூக்கைக் குனிந்து பார்த்தாள். மிச்சமிருந்த பின்னல் ஊசியால் பொம்மை எஞ்சினை ஒரு தட்டுத் தட்டினாள்.

"வெர்லின்."

"ம்?"

"சோஃபாவை நகத்து."

அவர் கழுத்து சிவந்தது. "ஏழையுமா?" என்று கேட்டார்.

"அதை நீதான் சொல்லணும். நீ என்கிட்ட வந்துபோன கூலி கேக்கப் போறதில்லையே?"

"உனக்கு நக்கல்."

"என் ஊசி போச்சு. நக்கலாவது பண்ணிக்கிறேன்."

அடியில் இருந்த ஒற்றைச் சிலிண்டர்தான் நிஜ எஞ்சினுக்கு நேர் முன்னால் நின்றது. அதை அறுத்தால் போதும். காற்று வெளியேறும் சந்தை மூன்று மடங்காக அகலப்படுத்த வேண்டும். நாலு நிமிட வேலை. ரம்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அறுத்து எடுத்ததைத் துணியில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். காலியான இடத்தில் இப்போது நிஜ எஞ்சினின் தலை தெரிந்தது. கிட்டத்தட்ட அதே அளவு, அதே வளையங்கள்.

ஞாயிறு காலை காற்று எழுவதற்கு முன்பே பறக்கவிட்டார்கள். ஆறாவது நிமிடம் வெர்லின் மூச்சை அடக்கினார். ஏழாவது நிமிடம் ஓர்லோ நாற்காலியை விட்டு எழுந்தான். அதுவே ஒரு செய்தி. பத்தாவது நிமிடம் விமானம் புல்லை உரசி இறங்கி, சாதுவாக ஓடி, அவர் காலடிக்குப் பக்கத்தில் நின்றது.

நடுவராக வந்திருந்த கோரின் இருபது வருடம் விமான நிலையப் பட்டறையை நடத்தியவள். முழங்காலிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூக்கை வெகுநேரம் ஆராய்ந்தாள்.

"பிரமாதம் சார். ஆறு சிலிண்டரும் அச்சு அசல். இப்பத்தான் ஓடி நின்ன மாதிரி இருக்கு."

"நன்றிங்க."

"ஆனா அடியில இருக்கே ஏழாவது, அது மட்டும் பொம்மைன்னு பளிச்சுனு தெரியுது."

ஓர்லோவுக்குக் காப்பி புரையேறியது.

"எதுல தெரியுது?" என்றார் வெர்லின், மெதுவாக.

"எண்ணெயில. நிஜ எஞ்சின்ல இப்படியா அப்பிக்கிட்டு கிடக்கும்? மத்த ஆறையும் பாருங்க, எவ்வளவு இயல்பா கசிஞ்சிருக்கு! சாப்பிட்டுட்டு வந்து திரும்பப் பாக்குறேன். அதுக்குள்ள முடிஞ்சா சரிபண்ணி வைங்க."

அவள் போனாள்.

"யோவ், சொல்லுய்யா! அதுதான் நிஜம்னு சொல்லு! ஏன்யா வாயில கொழுக்கட்டையா?" ஓர்லோ குதித்தான்.

வெர்லின் ஏழு சிலிண்டரையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் அவருக்குத் தெரியவில்லை. கந்தலை எடுத்து நிஜ எஞ்சினில் இருந்த நிஜ எண்ணெயைத் துளி விடாமல் துடைத்தார். விரலை நக்கி அதைத் தொட்டார். சத்தம் இல்லை, சாயம் பிடிக்கும் அளவுக்கு ஆறியிருந்தது. பெட்டியைத் திறந்து மூன்று மயிர்த் தூரிகையை எடுத்தார். பழுப்பில் தோய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, முதல் கசிவை வரைய ஆரம்பித்தார்.