அரை ஏக்கர் பீன்ஸும் முந்நூறு பைனும்

மலைமேல் மாரமங்கலம் போகிற வழியில் இருந்த பழைய காப்பி எஸ்டேட்டைச் சேலத்துக்காரர் ஒருவர் வாங்கித் தங்கும் விடுதியாக மாற்றினார். எஸ்டேட்டோடு அங்கே வேலை பார்த்த தனபாலும் கைமாறினான். அவனுடைய அப்பன் காலத்திலேயே ஓடைக்கரையில் சும்மா கிடந்த அரை ஏக்கரை, "எதையாவது போட்டுப் பொழைச்சுக்க" என்று பழைய முதலாளி விட்டிருந்தார். பத்திரம் கிடையாது, கையெழுத்து கிடையாது. வெறும் வாய்ச்சொல். அந்த வாய்ச்சொல்லில் முப்பது வருஷமாகப் பீன்ஸ் விளைந்தது.

புது முதலாளியின் மேனேஜர் செல்வராஜ் ஒரு வைகாசிக் காலையில் ஓடைக்கரைக்கு இறங்கி வந்தார். செருப்பில் சேறு ஒட்டாமல் இருக்க வரப்பிலேயே நின்றுகொண்டார்.

"ஏனுங்க தனபாலு, மேல்சரிவு பூராவும் பைன் வெக்கறோம். முந்நூறு கன்னு. வர்றவங்க நின்னு ஃபோட்டோ எடுக்கோணும். நீங்கதான் பாத்துக்கோணும்."

"நான் பீன்ஸ்காரனுங்க. மரம் வளத்தவன் இல்லீங்களே."

"எல்லாம் செடிதானுங்களே? வர்ற கோடையைத் தாண்டி அது நின்னுருச்சுன்னா, இந்த அரை ஏக்கரைப் பத்தி யாரும் பேச மாட்டாங்க. இல்லீன்னா மொதலாளி இங்க நீச்சல் கொளம் வெட்டறதாச் சொல்லிக்கிட்டு இருக்காரு. பாத்துக்கங்க."

தனபாலுக்குத் தெரிந்த வளர்ப்பு ஒன்றுதான். விதைப்புக்கு முன்னால் தன் இரண்டு மாடுகளையும் நிலத்திலேயே கட்டுவான். மாடு கட்டும் முளையைத் தினம் ஒரு முழம் தள்ளி மாற்றி அடிப்பான். நிலம் முழுக்கச் சாணியும் கோமியமும் இறங்கிய பிறகுதான் மண்வெட்டியைத் தொடுவான். அப்படிக் கிளறிய கறுத்த மண்ணில் பீன்ஸ் ஆறாம் நாள் கழுத்தைத் தூக்கும். நாற்பதாம் நாள் பூக்கும். இரண்டு மாதத்தில் காய் கைக்கு வரும். ஒருநாள் எட்டிப் பார்க்காவிட்டாலும் இலை சுருட்டி முகத்தைக் காட்டும். சாணி கேட்கும், கொம்பு கேட்கும், நாளுக்கு ஒருதரம் ஆள் வந்து நிற்கக் கேட்கும்.

பைனுக்கும் அதையே செய்தான். குழிக்கு இரண்டு கூடை சாணி, தினம் ஒரு குடம் தண்ணீர், காற்றில் சாயாமல் இருக்கக் கன்றுக்கு ஒரு குச்சி. அவன் பெண்டாட்டி மாதம்மாள் சாணிக்கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"இந்தத் தொடப்பக்குச்சிக்கு ஊனுகோல் வேறயா? நாளைக்குக் கொடி உட்டு மேல ஏறுமாக்கும்!"

"சும்மா கெட புள்ள. கன்னுன்னாக் கன்னுதான்."

புரட்டாசியில் ஊசியிலைகள் மஞ்சளாயின. பீன்ஸ் மஞ்சளித்தால் என்ன செய்வானோ அதைச் செய்தான். இன்னொரு கூடை சாணி போட்டான். மஞ்சள் செம்பட்டையானது. ஐப்பசி முடிவதற்குள் நூறுக்கு மேல் செத்துவிட்டன. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தான். வேர் அழுகிய வெங்காயம் மாதிரி கையில் வழுக்கியது.

"சோறு போட்டே கொன்னுட்டீங்களே!" என்றாள் மாதம்மாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

செல்வராஜ் வந்து பார்த்தார். ஒன்றும் திட்டவில்லை. "கொளத்துக்கு அளவெடுக்க ஆள் வரச்சொல்லட்டுங்களா?" என்று மட்டும் கேட்டார். அதற்கு இரண்டு அறை அறைந்திருக்கலாம்.

சரிவின் உச்சியில், பாறைக்கு நடுவே ஒரு கடைசி வரிசை இருந்தது. கூடை தூக்கிக்கொண்டு ஏற முடியாத இடம் என்று தனபால் அங்கே சாணியும் போடவில்லை, குடமும் சுமக்கவில்லை. செத்ததை எண்ணப் போனவன் அங்கே பன்னிரண்டு கன்றும் பச்சைப்பசேலென்று நிற்பதைக் கண்டான். அவனுக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஐந்து மாதம் முதுகு உடையச் சுமந்தவனைப் பார்த்து அவை பழிப்புக் காட்டுகிற மாதிரி இருந்தது.

ஒன்றின் அடியில் விரலால் தோண்டினான். சல்லிக்கல்லும் செம்மண்ணும். வேரைச் சுற்றி வெள்ளை நூல் மாதிரி ஏதோ படர்ந்திருந்தது. அதை அவன் முன்பே பார்த்திருக்கிறான். பழைய பங்களாவுக்குப் பின்னால் இருக்கிற இரண்டு கிழட்டுப் பைன் மரத்தடியில், உதிர்ந்த ஊசியை விலக்கினால் மண்ணெல்லாம் அந்த நூல்தான். பீன்ஸுக்குச் சோறு ஊட்ட வேரில் முடிச்சு இருக்கிற மாதிரி இதற்கு இந்தப் பூஞ்சை நூல் போலிருக்கிறது. சாணியைக் கொட்டி அதைத்தான் கொன்றிருக்கிறான்.

குழி குழியாகச் சாணியை வழித்தெடுத்தான். கிழட்டு மரத்தடி மண்ணைக் கொண்டுபோய்க் குழிக்கு ஒரு படி போட்டான். செத்ததற்குப் பதிலாக, இன்னொரு தடவை பார்ப்போம் என்று செல்வராஜ் வரவழைத்த புதுக் கன்றையும் அப்படியே வைத்தான். குச்சியெல்லாம் பிடுங்கினான். மழை நின்ற பிறகு எட்டு நாளுக்கு ஒருமுறை ஒரு செம்பு தண்ணீர், அதோடு சரி. பக்கத்தில் போகாமல் இருப்பதுதான் அவனுக்குப் பெரிய வேலையாக இருந்தது.

"இது உங்க தம்பியாட்டத்தான். கவனிச்சாக் கெட்டுப்போவுது, கண்டுக்காம உட்டா நிக்குது," என்றாள் மாதம்மாள்.

கோடை தாண்டியது. முந்நூறும் நின்றன.

ஆனியில் முதலாளி வந்து மேல்சரிவைச் சுற்றிப் பார்த்தார். தனபால் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றான். அவர் பைன் கன்றைத் தொட்டுப் பார்த்தார், அவனைப் பார்க்கவில்லை. மறுவாரம் செல்வராஜ் ஓடைக்கரைக்கு வந்தார். பீன்ஸ் பூத்துக்கிடந்தது.

"மொதலாளிக்கு நொம்ப சந்தோசமுங்க. நீச்சல் கொளத்தையே உட்டுட்டாரு."

தனபால் மூச்சு விட்டான்.

"இங்கயும் பைனே வெச்சிரலாங்கறாரு. கீழிருந்து மேல வரைக்கும் ஒரே காடாத் தெரியோணுமாம்."

"இதைப் பத்திப் பேச மாட்டோம்னு நீங்கதானுங்க சொன்னீங்க?"

"சொன்னேனுங்க. நான் சொல்லி அவரு கேக்கற ஆளுங்களா? பீன்ஸ் யாரு வேணும்னாலும் போடலாம், பைன் வளக்கற கை உங்க கைதான்னு சொல்லிட்டாரு. உங்களுக்குப் பெருமைதானுங்களே!"

"இந்த மண்ணுல அது வராதுங்க. முப்பது வருசச் சாணி. போன வருசம் செத்தது மறந்துபோச்சுங்களா?"

செல்வராஜ் சிரித்தார். "நெலத்தை உடாம இருக்க நல்ல காரணமாத்தான் புடிச்சிருக்கீங்க, போங்க."

தனபால் வாழ்க்கையில் தெரிந்து பேசிய ஒரே விஷயம் அது. அதுதான் செல்வராஜ் காதில் பொய்யாகப் போனது.

தனபால் வீட்டுக்கு வந்ததும் மாதம்மாள் சொன்னாள்: "அப்படியே நட்டுட்டு உடுங்க. சாவட்டும். செத்தா நெலம் நம்மகிட்டயே இருக்குமுல்ல?"

"செத்தாக் கொளம். பொழைச்சாக் காடு. ரெண்டுலயும் பீன்ஸ் எங்க இருக்குது? கன்னு செத்தா எஸ்டேட்டு குடுத்த இந்த ஊட்டையும் காலி பண்ணுன்னுவான். அப்பறம் அடிவாரத்துக்குப் போயி நிக்கறதா?"

அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.

இரண்டு நாள் கழித்துப் பூத்த கொடியைப் பிடுங்கி மாடுகளுக்குப் போட்டான். பிறகு, பைன் பிழைக்கட்டும் என்று, மண்வெட்டியை எடுத்துக் கறுத்த மண்ணை வழிக்க ஆரம்பித்தான். மாதம்மாள் சாக்கில் அள்ளினாள். விடுதி ஆட்கள் அதைச் சுமந்துபோய் வாசலில் ரோஜாவுக்குக் கொட்டினார்கள். செல்வராஜ் ஒரு பிடி எடுத்துப் பார்த்து, "அருமையான மண்ணுங்க" என்றார். பதினோரு நாள் ஆயிற்று. கடைசியில் அரை ஏக்கரும் தோலுரித்த மாதிரி செக்கச்செவேலென்று கிடந்தது.

எவ்வளவு ஆழம் போனால் அங்கே இனி பீன்ஸ் முளைக்காது என்று மலையிலேயே அவனுக்குத்தான் சரியாகத் தெரியும். அதற்குக் கீழேயும் ஒரு சாண் வழித்தான்.