பெட்டிக்குள் போன பெண்

நேற்று சாயங்காலம் கௌரிக்கு மிளகாய் பஜ்ஜி வேண்டும் என்றாகிவிட்டது. "துன்னாத, நெஞ்சு எரியும்" என்றேன். "என் நெஞ்சு, எரிஞ்சா எரியுது" என்றாள். திருப்பதியில் மார்கழிச் சாயங்காலம். மலை மேல் மேகம் இறங்கியிருக்கிறது, லேசாகத் தூறல். இந்த நேரத்தில் என் மனைவியை வீட்டுக்குள் பிடித்து வைக்க அந்த ஏழுமலையானாலும் ஆகாது. குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். ஆதியிலிருந்தே எனக்கு வாய்த்த வேலை அதுதான்.

தள்ளுவண்டிக்காரர் பஜ்ஜியைக் கீறி, வெங்காயம் திணித்து, எலுமிச்சை பிழிந்தார். கடலைமாவும் சுடுஎண்ணெயும் புளிப்பும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதுமே எனக்குப் பழைய எக்ஸிபிஷன் ஞாபகம் வந்துவிட்டது. வண்டிக்குப் பின்னால் நாலு மாடித் துணிக்கடை இருக்கிறதே, அது நிற்கிற இடமெல்லாம் அப்போது வெறும் மைதானம். குளிர் ஆரம்பித்தால் அங்கே ராட்டினம் எழும்பிவிடும்.

தொண்ணூறுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியாக எந்த வருஷம் என்று கேட்டால் எங்கள் இருவருக்கும் சண்டை வரும். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடியவில்லை. பாகாலாவில் குடித்தனம். நான் ஒரு பக்கம் ரயில் ஏறிச் சித்தூர் வெல்ல மண்டிக்குக் கணக்கு எழுதப் போவேன். அவள் எதிர்ப்பக்கம் ஏறித் திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேலைக்குப் போவாள். என் அத்தை மகள்தான். சின்ன வயதிலிருந்தே மாமா என்று கூப்பிட்டு, வா போ என்று அதட்டிப் பழகியவள். தாலி ஏறிய பிறகும் அதட்டல் குறையவில்லை.

அப்போது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் திடீரென்று கால் முளைத்திருந்தது. குடிபாலாக்காரன் ஒருவன் பெங்களூருக்குப் போனான், எதிர்வீட்டுப் பெண் குவைத்துக்குப் போனாள். பாகாலா ஜங்ஷனில் எந்த பாசஞ்சர் வந்தாலும் யாராவது ஒருவர் புதுப் பெட்டியோடு நிற்பார், பக்கத்தில் யாராவது ஒருவர் அழுவார். கௌரிக்கும் குவைத் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்தது. இங்கே வேலையை விட்டாள், பெட்டி வாங்கினாள், துணிமணி அடுக்கினாள். குறுக்கே வந்து விழுந்தது மார்கழி.

"பீட மாசத்துல வூட்ட வுட்டு கால வெளிய வெக்கக் கூடாதும்மே. தை பொறக்கட்டும், போ" என்று சொல்லிவிட்டாள் என் அம்மா.

கௌரி குதித்தாள். "எந்தக் காலத்துல கீற அத்த நீ!" என்று, குவைத்துக்கு ஆள் அனுப்பும் திருப்பதி ஏஜென்டிடம் ஓடினாள். அந்த மனுஷர் தெலுங்குக்காரர், அம்மாவுக்கு ஒரு படி மேலே. "சூன்ய மாசம்மா! சங்கராந்தி தர்வாத்த வெள்ளண்டி" என்று, பொங்கல் கழித்தே போகச் சொல்லிக் கும்பிடு போட்டு அனுப்பிவிட்டார். விசாவுக்கு இன்னும் காலம் இருந்தது. அதனால் அவளுக்குச் சொல்ல ஒரு சாக்கும் இல்லை.

ஆக, எதையும் தொடங்கக் கூடாத ஒரு மாதம். அடுக்கிய பெட்டியைப் பிரித்தாள், பிரித்ததை அடுக்கினாள். வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தாள். பிறகு ஒருநாள், "மாமா, எனக்கு மூச்சு முட்டுது. வா, எங்கனா போலாம்" என்றாள். அப்படித்தான் எங்கள் ஊர்சுற்றல் ஆரம்பித்தது.

எனக்கு அவள் போக வேண்டாம். அவ்வளவுதான் விஷயம், சுற்றி வளைப்பானேன். ஆனால் வெல்லத்துக்கு எடை எழுதுகிறவன், படித்தவளைப் பார்த்துப் போகாதே என்று எந்த வாயால் சொல்வான்? ஊரே தை பிறந்தால் வழி பிறக்கும் என்று காத்திருந்தபோது, தை பிறக்கவே கூடாது என்று வேண்டிக்கொண்ட ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

குளிர்காலம்தான் வெல்லத்துக்கு சீசன். வண்டி வண்டியாக வந்து இறங்கும். முதலாளி என் முகத்தைப் பார்த்தாலே "இன்னா, இன்னிக்கும் சீக்கிரமா?" என்பார். ஞாயிற்றுக்கிழமை போதாதென்று, இல்லாத பல்வலியையெல்லாம் சொல்லி, மண்டியிலிருந்து ஓடிவருவேன். சட்டை மாற்ற நேரம் ஏது? சினிமாக் கொட்டகையில் என் மடியில் எறும்பு ஊறும். கௌரி தள்ளி உட்கார்ந்துகொண்டு, "ஒன்ன கட்டிக்கினதுக்கு ஒரு அச்சு வெல்லத்தக் கட்டிக்கினு இருக்கலாம்" என்பாள்.

சினிமா, கச்சேரி, ஹரிகதை, நாட்டியம், டெல்லி அப்பளம், நெய் தோசை. திருப்பதியில் அந்த மாதம் என்னென்ன உண்டோ எல்லாவற்றுக்கும் போனோம். எதையும் முழுசாகப் பார்க்கவில்லை. பாகாலாவுக்குக் கடைசி பாசஞ்சரைப் பிடித்தாக வேண்டும்; பஸ் என்றால் கௌரிக்குக் குமட்டும். ஆனால் ரயிலுக்கு நேரம் இருக்கும்போதே எழுந்துவிடுவாள். தனி ஆவர்த்தனத்துக்கு எழுந்து காப்பி குடிக்கப் போகிற ரசிகர்களைப் பார்த்திருப்பீர்கள். நாங்கள் வர்ணத்துக்கே எழுந்தோம். சினிமாவில் கதாநாயகி அழ ஆரம்பித்தால் போதும், "கெளம்பு மாமா" என்பாள். "முடிவு?" என்பேன். "இன்னா பெரிய முடிவு, சேர்ந்துடுவாங்க" என்று செருப்பைத் தேடுவாள். நான் அவளுக்காகவே ஒரு கைக்கடிகாரம் கட்டப் பழகி, அவள் சொல்லும் முன்பே மணி பார்க்கிறவனாக ஆகிவிட்டேன்.

எக்ஸிபிஷனுக்கு மட்டும் திரும்பத் திரும்பப் போனோம். காரணம், மூலையில் இருந்த மேஜிக் கூடாரம். பளபளக்கிற கவுன் போட்ட ஒரு பெண்ணைப் பெட்டிக்குள் அனுப்பிப் பூட்டுவார் மேஜிக்காரர். மந்திரம் போட்டுத் திறந்தால், பெட்டி காலி! அதோடு விடுவாரா? புறா விடுவார், நெருப்பு துப்புவார், தெலுங்கில் கதையளப்பார். கடைசியில்தான் அந்தப் பெண் திரும்ப வருவாளாம். நாங்கள் பெட்டி காலியானதுமே எழுந்து போகிற கட்சி. "அதே ஆட்டத்த எத்தினி வாட்டி பாப்ப?" என்றால், "அது எங்க போவுதுன்னு கண்டுபுடிக்கணும்" என்பாள்.

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு. கையில் பஜ்ஜிப் பொட்டலத்தோடு அதே கூடாரம், அதே பெஞ்சு. பெட்டி காலியானது. நான் வழக்கம்போல மணி பார்த்தேன். கௌரி எழுந்திருக்கவில்லை.

"ரயிலு, கௌரி."

"போவட்டும். அந்தப் பொண்ணு வரட்டும்."

"அது வராம எங்க போய்டும்? எனக்குக் காலையில மண்டியில லோடு எறங்குது. எழுந்திரு, எழுந்திரு."

சொல்லிவிட்டு நான் எழுந்து நின்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மப்ளரை உதறித் தலையில் சுற்றிக்கொண்டு, எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். ரயிலில் அவள் பஜ்ஜியைத் தொடவே இல்லை. பயண யோசனை போலிருக்கிறது என்று நான் ஜன்னலோரமாகச் சாய்ந்து தூங்கிவிட்டேன். என்னைப் போல ஒரு மரமண்டையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

தை பிறந்தது. கௌரி போனாள். மெட்ராஸ் விமான நிலையத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்க் கையாட்டிவிட்டு, கூட்டத்தில் மறைந்தாள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவாள், அதுவும் வெயில் காலத்தில். நடுவில் மகள் பிறந்தாள், என் அம்மா வளர்த்தாள், நான் எஸ்டிடி பூத்தில் நின்று கத்தினேன். திருப்பதியில் வீடு கட்டினோம். இருபது வருஷம் போல குவைத்திலேயே இருந்துவிட்டு, ஒரேயடியாகத் திரும்பி வந்தாள். அவள் வருவதற்குள் எக்ஸிபிஷன் நின்றுபோய், மைதானத்தில் கடைக்கால் தோண்டிவிட்டார்கள்.

நேற்று பஜ்ஜியை ஊதி ஊதிக் கடித்துக்கொண்டே அந்தத் துணிக்கடையைப் பார்த்தவள், "அந்தப் பொண்ணு வெளிய வந்துருக்குமா மாமா?" என்றாள்.

எந்தப் பெண் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. "வராம? அதானே ஆட்டம்."

"அன்னிக்கு நா குவைத்துக்குப் போவறதில்லன்னுதான் ஒக்காந்துக்கினு இருந்தேன். அது வெளிய வந்ததும் ஒங்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன். நீதான் ரயிலு ரயிலுன்னு எழுந்துட்ட."

குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கையில் இருந்த பஜ்ஜியை என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அப்பவே ஒரு வார்த்த சொல்லி இருக்கலாமில்ல?" என்றேன்.

"போவாதன்னு நீ ஒரு வார்த்த சொல்லி இருக்கலாமில்ல?"

மைதானம் இல்லை, ராட்டினம் இல்லை, கூடாரம் இல்லை. அந்த மீட்டர் கேஜ் பாசஞ்சர் ஓடிய தண்டவாளத்தையே பிடுங்கிவிட்டார்கள். தூறல் வலுத்தது. கௌரி நகரவில்லை, வண்டிக்காரரிடம் இன்னொரு தட்டு போடச் சொன்னாள். பழக்கதோஷத்தில் நான் மணி பார்த்தேன். பிடிக்க வேண்டிய ரயில் எதுவும் இல்லை.