டிரைவர் புஷ்பாங்கதனின் வாக்குமூலம்

கேரள மலையோரத்தில், காரக்குன்று போலீஸ் ஸ்டேஷனில் பதினெட்டு வருஷம் ஜீப் ஓட்டியவர் புஷ்பாங்கதன். ஊருக்கு அவர் புஷ்பேட்டன், அதாவது புஷ்பன் அண்ணன். ஒல்லியான ஆள். காக்கிச் சட்டையின் மேல் பொத்தானை எந்த அதிகாரிக்காகவும் போட்டதில்லை. யாரையும் கைது செய்ததில்லை, துரத்தி ஓடியதும் இல்லை. கேட்டால், "நான் ஸ்டியரிங்கைப் பிடிக்கிற போலீஸ். திருடனைப் பிடிக்கிறவங்க பின்னால உக்காந்திருக்காங்க" என்பார்.

ஆனால் அந்த மலையோரத்தில் யாருக்காவது மனம் தடுமாறி, வீட்டார் பயந்துபோய் ஸ்டேஷனுக்குப் போன் செய்தால், உள்ளே முதலில் எழும் கேள்வி "புஷ்பன் டியூட்டியில இருக்கானா?" என்பதுதான். இப்படி ஒரு நல்ல பெயர் அவருக்கு ஒரு கொத்தனாரால் வந்தது.

வேலையில் சேர்ந்து இரண்டாம் வருஷம். அச்சுதன் என்ற கொத்தனார் தன் வீட்டுக் கூரையிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டு, ஓடுகளைப் பிரித்துப் பிரித்துக் கீழே வந்தவர்கள் மேல் எறிந்தான். நான்கு போலீஸ்காரர்கள் அவனை இறக்கி, கயிற்றால் கட்டி, ஜீப்பின் பின்பக்கம் தரையில் கிடத்தினார்கள். முதலில் உத்தரவு வாங்க மாஜிஸ்திரேட் வீடு, அங்கிருந்து மூன்று மணி நேரப் பாதையில் மனநல ஆஸ்பத்திரி. வழியெல்லாம் அவன் தண்ணீர் கேட்டுக்கொண்டே வந்தான்.

"குடுத்தா ஒண்ணுக்குப் போகணும்பான். அப்புறம் கட்டை அவிழ்க்கணும். நீ ஓட்டு" என்றார் ஹெட் கான்ஸ்டபிள் கோரன்.

புஷ்பாங்கதன் ஓட்டினார். வண்டிக்குள் இருக்கும் கண்ணாடியில் அச்சுதனின் கண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

அரை வருஷம் கழித்து ஸ்டேஷனுக்கு மதில் கட்ட வந்த ஆட்களில் அச்சுதனும் இருந்தான். புஷ்பாங்கதன் டீக்கடைப் பக்கம் நழுவப் பார்த்தார். அச்சுதனே பின்னால் வந்துவிட்டான்.

"டிரைவர் சாரே, என்னை அடையாளம் தெரியுதா?"

"தெரியுது."

"அன்னிக்கு வளைவுல எல்லாம் மெதுவாத் திருப்பினீங்க. தலை இடிக்கல. தண்ணிதான் கிடைக்கல."

புஷ்பாங்கதன் கடைக்காரரைக் கூப்பிட்டார். இரண்டு டீ சொன்னார். அதுவரை யாரும் அச்சுதனிடம் கேட்டிராத ஒன்றைக் கேட்டார். "எதுக்குய்யா கூரை மேல ஏறினே?"

"ஓட்டுக்குள்ள இருந்து யாரோ பேசிக்கிட்டே இருந்தாங்க சாரே. பிரிச்சுப் போட்டா நிக்கும்னு பாத்தேன். அந்த நேரம் கீழ அம்பது பேரு கத்துறாங்க. எது உள்ள இருந்து வர்ற சத்தம், எது வெளிய இருந்து வர்றதுன்னு எனக்கு எப்படிப் பிரியும்? ஒரே ஒருத்தர் பேசியிருந்தா புரிஞ்சிருக்கும்."

மதில் வேலை பதினோரு நாள் நடந்தது. பதினோரு நாளும் இருவரும் சேர்ந்தே டீ குடித்தார்கள். மனம் பிசகியவனிடம் எப்படிப் பேச வேண்டும் என்று புஷ்பாங்கதன் கற்றுக்கொண்டது அவ்வளவுதான். அதன் பிறகு, அப்படிப்பட்ட வீட்டுக்கு ஜீப் போனால் டிரைவரே முதலில் இறங்குவார். கூட்டத்தை விலக்கச் சொல்வார். தான் ஒருவர் மட்டும் பேசுவார், அதையும் குறைத்துப் பேசுவார். பட்டாளத்திலிருந்து திரும்பி வந்து, துப்பாக்கிச் சத்தம் கேட்கிறதென்று கிணற்றுக்குள் இறங்கி நின்றவரை அப்படித்தான் மேலே ஏற்றினார். எல்லாம் நல்லபடி முடிந்ததென்று சொல்ல முடியாது. கல்குவாரி விளிம்பில் நின்ற தபால்காரர் ஒருவர், ஜீப் வளைவு திரும்புவதற்குள் குதித்துவிட்டார். அதைப் பற்றி புஷ்பாங்கதன் வீட்டில்கூடப் பேசியதில்லை.

ரோசிலியின் விஷயம் நடந்தது நான்கு வருஷத்துக்கு முன்பு, மீன மாத வெயிலில், நம் பங்குனியில்.

ரோசிலிக்கு நாற்பத்திரண்டு வயது. ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டும் வேலை. புருஷன் இறந்த பிறகு அண்ணன் ஜோசுகுட்டியின் வீட்டை ஒட்டித் தனியாக இருந்தாள். ஆறு நாளாகத் தூங்கவில்லை. ஏழாம் நாள் காலை பத்து மணிக்கு காரக்குன்று பஸ் ஸ்டாண்டில், புறப்படத் தயாராக நின்ற தனியார் பஸ்ஸில் ஏறி, "எல்லாரும் இறங்குங்க, இந்த வண்டியில பிரேக் இல்ல, புழைத் தண்ணியில கொண்டுபோய்த் தள்ளப் போறாங்க" என்று கத்தினாள். கையில் பால் வெட்டும் கத்தி. பயணிகள் அலறியடித்து இறங்கினார்கள், டிரைவர் ஜன்னல் வழியாகக் குதித்தார். அவள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

ஜீப் வந்து சேர்ந்தபோது ஸ்டாண்டில் இருநூறு பேருக்குக் குறையாது. பாதிப் பேர் போனை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் நிதின்ராஜ் அந்த ஸ்டேஷனுக்கு வந்து ஒன்றரை மாதம்தான் ஆகியிருந்தது. தடுப்புக் கவசம் எடுக்கச் சொன்னார்.

"சாரே, பத்து நிமிஷம் குடுங்க" என்றார் புஷ்பாங்கதன்.

"நீங்க டிரைவர்தானே?"

"அவங்களும் இப்ப டிரைவர் சீட்டுலதான் உக்காந்திருக்காங்க."

பெண் போலீஸ் ஷீபா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். எஸ்.ஐ. கையை விரித்து, சரி என்பதுபோல் தலையாட்டினார்.

புஷ்பாங்கதன் பஸ்ஸின் முன்னால் போய் நின்றார்.

"சேச்சி, நான் புஷ்பாங்கதன். ஜீப் ஓட்டுறவன். பிரேக் இல்லன்னு சொன்னீங்களாமே?"

"கிட்ட வராதே!"

"வரல. பிரேக்கை நான் பாக்கல, அதனால இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது. வண்டி நியூட்ரல்ல இருக்கா, கியர்ல இருக்கா?"

ரோசிலி குனிந்து பார்த்தாள். "தெரியல."

"அப்ப உருண்டாலும் உருளும். சக்கரத்துக்குக் கல்லு வைக்கட்டுமா?"

அவள் ஜன்னல் வழியே சக்கரத்தை எட்டிப் பார்த்தாள். "நாலு சக்கரத்துக்கும் வை" என்றாள்.

ஸ்டாண்டின் ஓரத்தில் கிடந்த கருங்கற்களை அவரே ஒவ்வொன்றாகச் சுமந்துவந்து நான்கு சக்கரத்துக்கும் அண்டை கொடுத்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. "என்ன சாரே, பஸ்ஸுக்குக் கல்யாணமா, பந்தக்கால் நடுறீங்க?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான். நாலு பேர் சிரித்தார்கள். ஷீபா அவனைப் பிடித்துத் தெருமுனைவரை தள்ளிக்கொண்டு போய்விட்டாள். அதைப் பார்த்து எஸ்.ஐ.யும் கூட்டத்தைப் பின்னுக்கு நகர்த்தத் தொடங்கினார்.

பத்து நிமிஷம் முக்கால் மணி நேரம் ஆயிற்று. ரோசிலி தண்ணீர் வாங்கிக் குடித்தாள். பஸ்ஸில் யாரையும் ஏற்றமாட்டேன் என்று அவரிடம் மூன்று தடவை உறுதி வாங்கிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து அண்ணன் ஜோசுகுட்டி ஆட்டோவில் வந்து இறங்கினான்.

"இறங்குடீ கீழே! குடும்ப மானத்தைச் சந்தி சிரிக்க வைக்கவா பொறந்தே?"

ரோசிலி கத்தியைத் தன் இடது கையில் ஒரு இழுப்பு இழுத்தாள், மரத்தில் பால் வெட்டுவதுபோல. ரத்தம் ஸ்டியரிங்கில் சொட்டியது. கூட்டம் ஓவென்றது. புஷ்பாங்கதன் ஜோசுகுட்டியின் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"சேச்சி, என்னைப் பாருங்க. கை வலிக்குதா?"

"வலிக்குது." அவள் அழ ஆரம்பித்தாள். "எனக்குத் தூக்கம் வரணும். அவ்வளவுதான். யாரும் தூங்க விடமாட்டேங்கறாங்க."

"தூங்க வைக்கிற டாக்டர்கிட்டப் போகலாம். நான்தான் ஓட்டுவேன். ஷீபா பக்கத்துல உக்காருவா. கத்தியை பானட் மேல வெச்சுட்டு இறங்குங்க. யாரும் உங்களைத் தொடமாட்டாங்க."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் கத்தியை, டிரைவர் சீட்டை ஒட்டி உள்ளே இருந்த எஞ்சின் மூடியின் மேல் வைத்தாள். வெறுங்கையோடு முன்படியில் கால் வைத்தாள்.

பஸ்ஸின் பின்னால் கான்ஸ்டபிள் விபின் பதுங்கி நின்றதை புஷ்பாங்கதன் கவனிக்கவில்லை. எஸ்.ஐ. கையசைத்ததையும் பார்க்கவில்லை. விபின் பாய்ந்து அவள் கையை முறுக்கினான். அவள் அவன் மணிக்கட்டைக் கடித்தாள். இருவரும் விழுந்தார்கள். அவள் வாய் படியில் மோதி முன்பல் ஒன்று உடைந்தது. கூட்டம் கைதட்டியது.

"சாரே, கத்தி உள்ள இருக்கு! வெறுங்கைதான்!" என்று புஷ்பாங்கதன் கத்தியது யார் காதிலும் விழவில்லை. ரத்தமும் மண்ணுமாகத் தரையில் கிடந்த ரோசிலி அவரை மட்டும் பார்த்து, "பொய் சொல்லிட்டே" என்றாள்.

விலங்கு போட வேண்டாம் என்று அவர் பிடிவாதமாக நின்றார். அந்த ஒன்றை மட்டும் எஸ்.ஐ. ஒத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிவரை மூன்று மணி நேரமும் ஷீபா அவள் வெட்டுக்காயத்தின் கட்டைத் தாங்கிப் பிடித்தபடி வந்தாள். 

மறுநாள், ஆயுதத்தோடு போலீஸைத் தாக்கினாள் என்று வழக்கு தயாராயிற்று. புஷ்பாங்கதனின் வாக்குமூலம் என்று எழுதி வைத்திருந்த காகிதத்தை எஸ்.ஐ. அவரிடம் நீட்டினார். கத்தியை ஓங்கியபடி இறங்கினாள் என்று அதில் இருந்தது.

"இதுல கையெழுத்துப் போட முடியாது சாரே. கத்தி பானட் மேல இருந்துச்சு."

"புஷ்பேட்டா, விபின் கையில ரெண்டு தையல்."

"அந்தம்மா வாயில ஒரு பல்லு இல்ல."

எஸ்.ஐ. கெட்டவர் அல்ல. முகத்தைத் துடைத்துக்கொண்டு தணிந்த குரலில் சொன்னார். "இருநூறு பேரு பாத்தாங்க. அவ திடீர்னு யாரையாவது குத்தியிருந்தா யாரு பதில் சொல்றது? நானா, நீங்களா?"

"நீங்கதான் சாரே. அதனாலதான் நீங்க பயந்தீங்க. அதை நான் தப்புன்னு சொல்லல. ஆனா பாத்ததைத்தான் எழுதுவேன்."

தன் கையெழுத்திலேயே ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தார். மூன்றாம் வாரம் மாற்றல் உத்தரவு வந்தது. மாவட்ட ஆயுதப்படை முகாமில் மெஸ்ஸுக்குச் சாமான் ஏற்றும் லாரி. வீட்டிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். மனைவி பிரேமலதா, "இத்தனை வருஷ சர்வீஸுக்கு அரசாங்கம் உங்களை நம்பி வாழைக்காயை ஒப்படைச்சிருக்கு, பத்திரம்" என்றாள். பிறகு அடுக்களைக்குப் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

மாற்றலுக்கு முன்பே அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். முதல் தடவை ரோசிலி பார்க்க மறுத்துவிட்டாள். இரண்டாம் தடவை வராந்தாவுக்கு வந்து, நன்றாகத் தள்ளி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"பிரேக்கைப் பாத்தீங்களா?" அதுதான் அவள் முதலில் கேட்டது.

"பாத்தேன். மெக்கானிக்கோட சேந்து அடியில படுத்துப் பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு."

"இப்ப எனக்கும் அப்படித்தான் தோணுது. அன்னிக்குத் தோணல."

"தொடமாட்டாங்கன்னு சொன்னேன். நடக்கல. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

ரோசிலி கையிலிருந்த கட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். "நீங்க சொன்னப்போ, அவன் பின்னால நிக்கறது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்பச் சரி" என்றாள். உதட்டை விரித்துக் காட்டி, "பல்லு மட்டும் கட்டிக் குடுப்பாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க. காத்து போகுது, பாட்டுப் பாட முடியல" என்றாள். அவள் சர்ச்சில் பாடுகிறவள் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

வழக்கு இரண்டு வருஷம் இழுத்தது. புஷ்பாங்கதன் கூண்டில் ஏறி, எழுதிக் கொடுத்ததையே சொன்னார். விபின் என்ன சொல்வான் என்று யாருக்கும் தெரியவில்லை. வக்கீல் கேட்டபோது அவன் தன் தையல் தழும்பைப் பார்த்தபடி, "கத்தியை நான் பாக்கல. எஸ்.ஐ. சாரோட கையைத்தான் பாத்தேன். அசைஞ்சுது, பாய்ஞ்சேன்" என்றான். ரோசிலி விடுதலையானாள். வெளியே வேப்பமரத்தடியில் விபின் புஷ்பாங்கதனிடம், "ஏட்டா, அன்னிக்கு ராத்திரி வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்கல" என்றான். புஷ்பாங்கதன் தலையாட்டினார். 

முகாமிலிருந்தே புஷ்பாங்கதன் ஓய்வு பெற்றார். பாராட்டுக் கூட்டத்தில் பேசியவர்கள் அவர் லாரியை ஒரு தடவைகூட எங்கும் உரசியதில்லை என்று புகழ்ந்தார்கள். நிதின்ராஜ் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார்.

போன மழைக்காலத்தில் ரோசிலி மருந்தை நிறுத்திவிட்டாள். மறுபடியும் தூக்கம் போயிற்று. வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தாள். இந்தத் தடவை ஜோசுகுட்டி கத்தவில்லை. ஸ்டேஷனுக்கும் புஷ்பாங்கதனுக்கும் போன் செய்தான். அவர் ஸ்கூட்டரில் நனைந்துகொண்டே போய்ச் சேர்ந்தபோது ஜீப் ஏற்கெனவே வாசலுக்கு வெளியே, எஞ்சின் அணைத்து நின்றது. விபின் முற்றத்தில் மழைக்கோட்டோடு நின்றிருந்தான். ஷீபா ஜீப்பிலேயே இருந்தாள்.

"உள்ள வரலாமா சேச்சி?" என்றான் விபின், கதவைப் பார்த்து.

"வேண்டாம்" என்று உள்ளிருந்து சத்தம் வந்தது.

"சரி. இங்கேயே நிக்கறேன்."

புஷ்பாங்கதன் மாட்டுக் கொட்டகையின் கூரைக்கடியில் ஒதுங்கினார். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் எதற்கு? ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. பிறகு தாழ்ப்பாள் விலகியது. ரோசிலி தலையில் துணியைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து, விபினை ஒரு முறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஷீபா பக்கத்துலதான் உக்காருவேன்" என்றாள்.