துப்புக்கூலி

ரங்கனுக்குத் தெரிந்த தொழில் ஒன்றே ஒன்றுதான். திருடன் வராமல் பார்த்துக்கொள்வது. வந்துவிட்டால், போன பொருளைத் திரும்பக் கொண்டுவருவது. ஏரியைத் தூர்த்து மாம்பலத்தில் புதுவீடுகள் எழும்பிய நாளிலிருந்து அந்தத் தெருவுக்கு அவன்தான் காவல். மாதம் பிறந்தால் வீட்டுக்கு வீடு அரிசி அளப்பார்கள். ஏதாவது களவு போனால் ரங்கன் நாலு இடத்தில் காதைக் கொடுத்துவிட்டு வருவான். அப்புறம் சாமான் ஏதாவது ஒரு புதரில் ‘அகப்படும்’. அதற்கு வீட்டுக்காரர் தனியாகக் கொடுப்பதுதான் துப்புக்கூலி. எடுத்தவன் யார் என்று எவரும் கேட்பதில்லை. கேட்டால் அடுத்த தடவை சாமான் அகப்படாது அல்லவா!

பெருமைப்பட்டுக்கொள்ளத் தக்க ஏற்பாடு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனாலும் அதில் எவனுக்கும் முதுகுத்தோல் உரிந்ததில்லை. ரங்கன் வீட்டில் அடுப்பும் எரிந்துகொண்டிருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம் தெருமுனையில் போலீஸ் அவுட்போஸ்ட் வந்தது. ஏட்டு சைக்கிளில் ரோந்து சுற்றத் தொடங்கினார். தெருவாசிகள் கூடிப் பேசினார்கள். முடிவை ரங்கனிடம் சொல்கிற சங்கடம் ஞானதாஸ் தலையில் விழுந்தது. அவர் சாந்தோமில் பள்ளி வாத்தியார், இளகின மனசுக்காரர்.

“ரங்கா, தப்பா நினைக்காதே. சர்க்காருக்கு வரியும் கட்டி, உனக்கும் அரிசி அளக்கிறதுன்னா யாருக்கும் கட்டுப்படியாகல. அதான் போலீஸே வந்துட்டாங்களே.”

“எனக்கு வேற வேலை இன்னா சார் தெரியும்? இத்த வுட்டா நான் எங்க போவேன்?”

வாத்தியார் அந்த மாதத்து அரிசியைக் கடைசியாக அளந்து போட்டுவிட்டு உள்ளே போனார்.

காலமும் கெட்ட காலம். பாதி எழும்பிய வீடுகள் அப்படியே நின்றுபோக, கொத்தனார்களே ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். காவல்காரனை யார் சீந்துவார்கள்? ரங்கனின் மனைவி தேவானை, தருமத்துக்குக் கஞ்சி ஊற்றுகிற இடமெல்லாம் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மயிலாப்பூர்வரை நடந்தாள். பெரும்பாலும் அவள் முறை வரும்போது பானை காலியாகியிருக்கும். பொருள் திருடுபோனால் விசாரிக்கச் சர்க்காரில் இலாகா உண்டு. பிழைப்பு பறிபோனவனை ஏனென்று கேட்க ஒரு நாதியும் கிடையாது. சின்னப் பெண் பசிக்கு அழுவதையும் நிறுத்திவிட்டாள்.

அப்போதுதான் ரங்கனுக்கு அந்த யோசனை வந்தது. தெருவுக்குப் பயம் விட்டுப்போயிற்று, அதனால் தன்னையும் விட்டுவிட்டார்கள். கொஞ்சம் பயம் காட்டினால் திரும்பக் கூப்பிடுவார்கள். விடியுமுன் ஞானதாஸ் வீட்டுக் கொல்லையில் புகுந்து, வெந்நீர் போடுகிற பித்தளைத் தவலையைத் தூக்கினான். வேறு வீடு என்றால் ஊரைக் கூட்டுவார்கள். வாத்தியார் மனைவி அல்போன்சா அம்மாள் தனக்குத்தான் முதலில் ஆள் அனுப்புவாள் என்று நம்பினான். குட்டை ஓரத்துக் கோரைக்குள் அதை ஒளித்துவைத்தான். பக்கத்தில் இருந்தது மண் சுமக்கிற அவன் சிநேகிதன் மண்ணாங்கட்டியின் குடிசை மட்டுமே. நல்ல இடம் என்று நினைத்துக்கொண்டான்.

ஆனால் ஆள் வரவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அவனே போனான்.

“தவலை பூட்சாமே, அம்மா?”

“ஆமாப்பா, எங்க அம்மா வீட்டுச் சீர். சார் அன்னைக்கே அவுட்போஸ்ட்ல எழுதிக் குடுத்துட்டார். இன்னும் ஒரு தகவலும் இல்ல.”

எழுதிக் கொடுத்தால் என்ன, தவலை வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் ரங்கன் எண்ணினான். அவன் அறிந்தவரை அப்படித்தான் நடந்திருக்கிறது. சாயங்காலமே தவலையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தான்.

“குட்டையாண்ட கோரைக்குள்ள கெடந்துச்சும்மா.”

அல்போன்சா அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. “உன்னை நிறுத்தினது எங்க புத்திகெட்டத்தனம்” என்று சொல்லி, அவன் துண்டு நிறைய அரிசி கொட்டினாள். அன்று பிள்ளைகள் வயிறாரச் சாப்பிட்டார்கள். ரங்கன் அடித்துப்போட்டாற்போல் தூங்கினான்.

காலையில் ஞானதாஸே குடிசை வாசலில் வந்து நின்றார். முகமெல்லாம் சந்தோஷம்.

“ரங்கா, தெருவுல எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. பழையபடி நீயே காவல். திருடனும் ஆப்ட்டுட்டான். குட்டையோரத்து மண்ணாங்கட்டி. முன்னே ஜெயிலுக்குப் போனவனாமே? தவலை கிடந்த இடத்தைச் சொன்னேன், ஏட்டு உடனே பிடிச்சுட்டார்.”

ரங்கன் அவுட்போஸ்டுக்கு ஓடினான். பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு ஓடினான்.

“ஏட்டய்யா, அவன் எட்க்கல. தவலதான் வந்துட்ச்சே, அப்பால இன்னாத்துக்கு அவன புட்ச்சி வெச்சிகினு கீறீங்க?”

“தவலை வந்தா ஆச்சா? கேசுக்கு ஆளு வேணாமா?”

ரங்கன் சொல்லிவிட்டான். “நான்தான் எட்த்தேன்.”

ஏட்டு வாய்விட்டுச் சிரித்தார். “திருடினவன் எவன்டா தலையில சொமந்துகினு வந்து வூட்லயே குடுப்பான்? கூட்டாளிக்காவ உள்ள போறியா? அவனே ஒத்துக்கினான். தெருவுல உனக்கு நல்ல பேரு கீது, கெடுத்துக்காம ஓடிப்போ.”

இன்னொரு தரம் உரக்கச் சொல்லியிருக்கலாம். ஏட்டின் காலைப் பிடித்துக் கதறியிருக்கலாம். வீட்டில் தேவானை இந்நேரம் உலை வைத்திருப்பாள் என்ற நினைப்பு அவன் வாயைக் கட்டிப்போட்டது.

கம்பிக்குப் பின்னாலிருந்து மண்ணாங்கட்டி கூப்பிட்டான். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

“ரங்கா, அடி தாங்கல நைனா, அதான் ஒத்துக்கினேன். எட்த்தவன் நாசமாப் பூடுவான். உனுக்குக் காவல் திரும்பக் கெட்ச்சிதாமே, ஏட்டு சொன்னாரு. அவங்க அளக்குற அரிசில என் பொண்டாட்டி புள்ளைங்களுக்கும் ஒரு பிடி குடுப்பா. உன்ன வுட்டா அதுங்களுக்கு ஆரு கீறா?”

ரங்கன் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

“குடுக்கறேன்” என்றான்.