எஸ்தருக்கு நிலம் பதிந்துகொடுத்த றெஜினா

கடந்த செவ்வாய்க்கிழமை காலை, பாரிஸ் லா சப்பலில் உள்ள என் அச்சகத்தைத் திறந்த சிறிது நேரத்தில் தொலைபேசி அடித்தது. புறநகரான சார்செலிலிருந்து ஜெனிற்றா பேசினார்.

"அங்கிள், றெஜினா அன்ரி மோசம் போயிட்டா. நித்திரையிலையே. மரண அறிவித்தல் நீங்கள்தான் அடிக்கவேணும்."

பெயருக்கு முன்னால் என்ன போடுவது என்று கேட்டேன்.

"செல்வி எண்டு போடுங்கோ. அறுபத்தாறு வயசிலை செல்வியோ எண்டு ஆரும் கேட்டா, அவ அப்பிடித்தான் எழுதினவ எண்டு சொல்லுங்கோ."

அப்படியே போட்டேன். அறிவித்தலில் அடங்காததை இங்கே எழுதுகிறேன்.

றெஜினா மன்னாரில் பிறந்தவர். கடிதங்களிலும் ஒரு புகைப்படத்திலும் பேசி முடித்த கல்யாணத்துக்காக இருபத்தெட்டு வயதில் பாரிசுக்கு வந்தார். விமான நிலையத்துக்கு மாப்பிள்ளை வரவில்லை. அவருடைய நண்பர் ஒருவர் வந்தார். மாப்பிள்ளைக்கு இங்கே ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிறது என்பதை ரயிலில் வரும்போது அந்த மனிதர் மென்று விழுங்கிச் சொல்லி முடித்தாராம். திரும்பி வரும்படி வீட்டார் எழுதினார்கள். றெஜினா போகவில்லை. அகதி விண்ணப்பம் போட்டார். ஒரு ஹோட்டலில் அறைகளைத் துப்புரவு செய்யும் வேலையில் சேர்ந்து, ஓய்வுபெறும் வரை அங்கேயே இருந்தார்.

பிரெஞ்சு பழகுவதற்காக நூலகத்தில் எடுத்த காதல் நாவல்கள் அவரை அமெரிக்காவின் மேற்குப் பக்கம் கொண்டுபோய் விட்டன. ஆளில்லாத புல்வெளிகள், பலகையில் கட்டிய சிறு தேவாலயங்கள், பெட்டியும் பைபிளுமாகத் தனியே ரயிலை விட்டு இறங்கும் பெண்கள். ஒரு நாள் பாடசாலைக் கொப்பி ஒன்றுடன் என்னிடம் வந்தார். தமிழ்க் கடைகளில் வைப்பதற்காக நான் அப்போது ஒரு மாதப் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தேன். கொப்பியில் 'எஸ்தரின் நிலம்' என்ற நாவலின் முதல் மூன்று அத்தியாயங்கள் இருந்தன. கல்யாணம் செய்வதாக எழுதியவரை நம்பி எஸ்தர் மேற்கே போகிறாள். அவரோ வேறொருத்தியை மணந்துவிட்டார். கல்யாணமாகாத பெண் தன் பெயரிலேயே நிலம் பதியலாம் என்று அந்த நாட்டில் சட்டம் இருக்கிறது. எஸ்தர் ஜெபம் செய்துவிட்டுப் போய்ப் பதிகிறாள்.

ஏன் அவ்வளவு தூரத்தில் கதையை வைத்தீர்கள் என்று கேட்டேன்.

"மன்னாரிலை தனிய இருக்கிற பொம்பிளையைப் பற்றி எழுதினா, ஆர் அவ எண்டு தேடுவினம். அங்கை வைச்சு எழுதினா கதையை வாசிப்பினம்" என்றார்.

மாதம் ஓர் அத்தியாயமாகத் தொடராகப் போட்டேன். வாசித்தார்கள். மனைவியை இழந்த கொல்லர் சாமுவேல் எஸ்தரைக் கல்யாணத்துக்குக் கேட்பாரா மாட்டாரா என்று மரக்கறிக் கடையில் என்னை மறித்துக் கேட்டவர்கள் உண்டு.

கதை பாதியில் இருந்தபோதுதான் ஜெனிற்றா வந்தார். அப்போது அவருக்கு இருபத்துமூன்று வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, எபினேயில் தனக்குப் பேசிய மாப்பிள்ளையின் அக்கா வீட்டில் இருந்தார். முதல் நாள் அந்த அக்காவோடு வந்து கல்யாண அட்டை தெரிவு செய்தார். மறுநாள் தனியே வந்து, எஸ்தரை எழுதுகிறவரைப் பார்க்கவேண்டும் என்றார். வேலை முடிந்து வந்த றெஜினா, என் மேசைக்கு எதிரே அவரை இருத்தி விசாரித்தார்.

"உங்களுக்கு அவரைப் பிடிக்கேல்லையோ?"

"அவரைத் தெரியாது அன்ரி. அவரின்ரை அக்காவைத்தான் தெரியும். நான் ரெலிபோன் எடுத்தாலும் அக்காதான் கதைக்கிறவ."

றெஜினா சிரிக்கவில்லை. "என்ரை வீட்டிலை ஒரு கட்டில் சும்மா கிடக்கு. யோசிச்சு முடியுமட்டும் இருங்கோ" என்றார்.

ஜெனிற்றா அன்றே சார்செலில் இருந்த றெஜினாவின் வீட்டுக்குப் போய்விட்டார். மாப்பிள்ளையின் அக்கா கோயிலில் அழுதார். றெஜினா கதை எழுதிப் பெண்பிள்ளைகளைக் கெடுக்கிறார் என்று பேச்சு எழுந்தது. செபக்குழுவில் சிலர் என்னிடம் வந்து தொடரை நிறுத்தச் சொன்னார்கள். நான் நிறுத்தினேன். அவர்கள் என்னைப் பயமுறுத்தவில்லை. நானாகத்தான் பயந்தேன்.

றெஜினா சண்டை பிடிக்கவில்லை. அடுத்த மாதமும் அத்தியாயத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"இதைப் போட ஏலாது, றெஜினா" என்றேன்.

"நீங்கள் போடாட்டிலும் பரவாயில்லை. பனி கொட்ட முதல் எஸ்தர் கூரை போடவேணும். நான் எழுதத்தானே வேணும்."

அதற்கு அடுத்த மாதம் என்னிடம் வந்தவர் மாப்பிள்ளை அன்ரன். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "அந்த அட்டையை அடிக்கவேண்டாம், அண்ணை" என்றார். பிறகு தயங்கி, நின்றுபோன அத்தியாயங்கள் இருக்கின்றனவா என்று கேட்டார். கொடுத்தேன். அந்த மாதமே தொடரை மீண்டும் போட்டேன்.

அன்ரன் சார்செலுக்குப் போய், ஜெனிற்றாவுடன் பேசலாமா என்று றெஜினாவிடம் அனுமதி கேட்டாராம். "அதை அவவிட்டைக் கேளும். நான் தேத்தண்ணி போடுறன்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போயிருக்கிறார் றெஜினா. ஒரு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் அன்ரன் போய்வந்தார். அதன் பிறகு அட்டை தெரிவு செய்ய ஜெனிற்றாவும் அன்ரனும் மட்டும் வந்தார்கள். மாநகரசபையில் கல்யாணப் பதிவுக்குச் சாட்சிக் கையெழுத்து வைத்தவர் றெஜினா.

நாவலிலும் சாமுவேல் கேட்டார். அறுவடை முடியட்டும் என்றாள் எஸ்தர். அறுவடை முடிந்ததும் அவர் மறுபடி கேட்டார். அவள் சம்மதித்தாள்.

கடைசி அத்தியாயத்தை அச்சுக்குக் கோத்த அன்று, உங்களை யாரும் கேட்கவில்லையா என்று றெஜினாவிடம் கேட்டேன். கொப்பியை மூடிக்கொண்டே சொன்னார்: "ரெண்டு பேர் கேட்டவை. எனக்கு விருப்பம் வேறை ஒராளிலை இருந்தது. அவர் கேக்கேல்லை."

அது யாரென்று நான் கேட்கவில்லை. அவர் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ரயிலுக்குப் போனார். அதன் பின்னரும் இன்னும் இரண்டு நாவல்கள் எழுதி, மாதந்தோறும் அத்தியாயத்தோடு வந்தார். அந்தப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை.

சனிக்கிழமை அடக்கம் நடந்தது. ஹோட்டலில் கூட வேலை செய்த ஆபிரிக்கப் பெண்கள் மூவர், கோட்டுக்குள் வேலை உடுப்போடு வந்து தங்கள் மொழியில் ஒரு பாட்டுப் பாடினார்கள். அன்ரனும் ஜெனிற்றாவும் குழியருகே நின்றார்கள். ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டுவிட்டு நகரவேண்டும். நான் ஒரு பிடி போட்டேன். நகராமல் குனிந்து இன்னொரு பிடி எடுத்தேன். பின்னால் நின்றவர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

இளைப்பாறுங்கள், றெஜினா.